அப்பாவின் முறைப்பாடு முடியவில்லை

மகன்,

போன ஞாயிறு நீ வெள்ளவத்தையிலிருந்து கேக் பெட்டியோடும் உன் மனைவியோடும் வந்தாய். கொட்டாஞ்சேனையில் நம் வீட்டு முன்னறைக் கதிரையில் இருந்துகொண்டு, புது வேலை கிடைத்திருக்கிறது என்றாய். எந்தக் கம்பனி என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னாய். அப்பாவுக்கு ஒக்சிஜன் மெசினை வாடகைக்குத் தந்த அதே கம்பனி. அங்கே முறைப்பாடு கேட்கும் பகுதிக்கு, போனில் பதில் சொல்லும் பிள்ளைகள் எல்லோருக்கும், இனி நீதான் பெரியவன். பிறகு எழும்பி வந்து, பரீட்சைக்குப் போகும் காலையில் குனிவாயே, அப்படி என் முன்னால் குனிந்தாய், நெற்றியில் சிலுவை போடச் சொல்லி. என் கை எழும்பவில்லை. தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். "அம்மா பாவம், நல்லா டயர்டா இருக்கிறா" என்று நீ உன் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. களைப்பு இல்லை மகன். கோபம்.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ உன் வேலைக் குரலை எடுத்துவிடுவாய். அந்தக் குரலை எனக்குத் தெரியும். மெதுவாக வரும், இடைவெளி விட்டு வரும், என்ன ஏசினாலும் சூடேறாது. சேமக்காலையில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று நான் அந்தக் கம்பனியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ என் தோளில் கையை வைத்து, "உங்கட கவலை எனக்கு நல்லா விளங்குது அம்மா" என்றாய். நீயும் அன்றைக்குத் தகப்பனை இழந்தவன். "எனக்கும் தாங்க ஏலாமல் இருக்கு" என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். என் கவலை உனக்கு விளங்குகிறது என்றால் நீ எங்கே நிற்கிறாய்? கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலா? கடிதம் என்றால் நீ குறுக்கே கதைக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் எழுதுவது, பிழைகளைப் பார்க்காமல் வாசி. உன் கம்பனிக்காரர்கள் வாசித்தாலும் எனக்குக் குறையில்லை.

உன் தொழில் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கொரோனாக் காலத்தில் ஊரடங்கு போட்டபோது நீ இதே முன்னறையில் இருந்துதான் வேலை செய்தாய். அப்போது ஓர் இன்டர்நெட் கம்பனிக்குப் போன் எடுப்பவன். காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டாய் என்றால் வீட்டில் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. நான் தேங்காய் துருவுவதைப் பாதியில் விடுவேன். அப்பாவுக்குத்தான் கஷ்டம். துறைமுகத்தில் சீமெந்தும் மாவும் இறக்கிய காலத்திலேயே பழுதான நெஞ்சு. இருமல் வந்தால் பின்பக்கம் ஓடி, தலையணையை வாயில் பொத்திக்கொண்டு இருமுவார், உன் கஸ்டமருக்குக் கேட்டுவிடும் என்று. ஆனால் அந்த நாட்களில் அவருக்கு ஒரு பொழுதுபோக்கும் இருந்தது. நீ சத்தத்தை அடைக்கும் பட்டனை அழுத்திவிட்டு அந்தக் கஸ்டமரின் பரம்பரையையே ஏசுவாய். பட்டனை விட்டதும், "ஓம் சேர், லைன்லயே இருங்க சேர்" என்பாய். அதைப் பார்த்து அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார்.

"டேய், விடிஞ்சதில இருந்து எல்லாருக்கும் சொரி சொரி எண்டிறாய். அப்படி என்னடா செய்தனீ?"

"நான் ஒண்டும் செய்யேல்ல அப்பா. கம்பனிக்காகச் சொல்றன்."

"அப்ப கம்பனி எப்ப சொல்லும்?"

"அது சொல்லாது. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொலன்னாவையிலிருந்து ஒரு பெண் எடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? மகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் போனில் நடக்கிறது, லைன் செத்துக் கிடக்கிறது, பிள்ளை அழுதுகொண்டு இருக்கிறாள் என்று கத்தினாள். நீ அவளைக் கத்த விட்டாய். பிறகு அவளுடைய பெயரைச் சொல்லிச் சொல்லிக் கதைத்தாய். பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று கேட்டாய். கடைசியில் அவள் அழுகிற குரலில், "தேங்க்ஸ் மகன், நீங்களாவது கேட்டீங்க" என்று வைத்தாள். உன் கம்பனி அந்தப் பேச்சை எடுத்து வைத்து, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியது. கோபக்காரக் கஸ்டமரை எப்படி ஆற்றுவது என்பதற்கு உதாரணம் நீதானாம். உனக்கு ஒரு கேடயம் வந்தது. நான் அதைத் துடைத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். அப்பா மட்டும் கேட்டார், "அவளுக்கு லைன் வந்ததோ?" என்று. "அது என்ட டிபார்ட்மென்ட் இல்ல அப்பா" என்றாய்.

ஐந்து போடும் பழக்கமும் அந்த நாட்களில்தான் வந்தது. ஒருவர் கதைத்து முடிந்ததும் அவருடைய போனுக்கு ஒரு மெசேஜ் போகும், எங்கள் சேவை எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போடுங்கள் என்று. வத்தளையில் ஒரு வயதானவர் உனக்கு ஒன்று போட்டார். அந்த மாதம் உனக்குக் கிடைக்க வேண்டிய மேலதிகக் காசு கிடைக்கவில்லை. நீ சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு இருந்தாய். "அந்தாள் லைனுக்குத்தான் அம்மா ஒண்டு போட்டது, எனக்கில்ல. ஆனா விழுந்தது என்ட தலையில. நாலு போட்டாலும் எங்களுக்கு அது ஃபெயில்தான். நீங்க எங்க கதைச்சாலும் அஞ்சு போடுங்க. அங்கால என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான்." தாய் மனது கேட்குமா? அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் ஐந்துதான். காஸ் சிலிண்டர் கொண்டு வராதவனுக்கும் ஐந்து, வங்கியில் என்னைச் சுற்றவிட்ட பிள்ளைக்கும் ஐந்து. செபமாலை சொல்ல வரும் பெண்களுக்கும் சொல்லி வைத்தேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் யாரும் குறைத்துப் போடமாட்டார்கள், அங்கால இருப்பது உன்னைப் போல ஒரு பிள்ளை என்று.

அப்பா வேறு மாதிரி. பேக்கரி முதலாளியோடு அவர் சண்டை போட்டது உனக்குத் தெரியும். அப்போது நீ ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பாணை வெட்ட, உள்ளே சாக்கு நூல். அப்பா அந்தப் பாணைத் தூக்கிக்கொண்டு சாரத்தோடே தெரு முனைக்குப் போனார். கடை நிறையச் சனம். முதலாளி நூலைப் பார்த்துவிட்டு, துறைமுகத்தில் கயிறே தின்றவனுக்கு இந்த நூல் என்ன செய்யும் என்று சிங்களத்தில் நக்கல் அடித்தார். அப்பாவும் சிங்களத்திலேயே அவருடைய மாவை, அடுப்பை, கைகளை எல்லாம் ஏசினார். முதலாளிக்குக் கோபம் வந்து, தட்டில் இருந்த பாண் எல்லாவற்றையும் எடுத்துச் சனத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். இன்னும் ஒன்றில் நூல் இருந்தது. அவர் முகம் கறுத்துப்போய், உள்ளே போய் மா அரிக்கிற பையனிடம் அரிதட்டை வாங்கிப் பார்த்தார், கிழிந்திருந்தது. அன்றைக்கே மாற்றினார். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் கண்ட இடத்தில் வாய் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பாவின் செத்த வீட்டுக்குப் பெட்டி நிறைய பணிஸோடு வந்து நின்றவர், "இனி என்ட பாணுக்கு ஆரம்மா ஏசுவினம்?" என்று தெரிந்த தமிழில் கேட்டார். அந்த மனுசன் மன்னிப்புக் கேட்டதே இல்லை. ஆனால் அரிதட்டை மாற்றினார். நீ என்னிடம் கேட்டால், குறை கேட்கிற வேலை என்பது அவ்வளவுதான்.

இனி மெசினுடைய கதை. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதை முழுதாக என் வாயால் கேட்கவே இல்லை. நீ அப்போது ட்ரெயினிங் என்று சிங்கப்பூரில் நின்றாய். மெசின் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது, மஞ்சள் லைட் எரிந்தது. குழாயில் காற்று வந்தது, ஆனால் அப்பாவுக்குப் போதவில்லை. நான் அந்தக் கம்பனிக்கு எடுத்தேன். ஒரு பிள்ளை கதைத்தாள். நல்ல பிள்ளை. "அம்மா, பயப்பட வேணாம், டெக்னீஷியன் ஒருத்தரை அனுப்பச் சொல்லி இப்பவே போடுறன். ஐயாவை நிமிர்த்தி இருக்க வையுங்க" என்றாள். அவள் குரல் உண்மையாகவே நடுங்கியது. வைத்த கையோடு மெசேஜ் வந்தது. வழக்கம்போல ஐந்து போட்டேன். அந்தப் பிள்ளைக்குப் போட்டேன். ஆளும் வரவில்லை, போனும் வரவில்லை. அடுத்த நாள் திரும்ப எடுத்தேன். இந்த முறை ஒரு பையன்.

"உங்கட முறைப்பாடு முடிஞ்சதெண்டு காட்டுது அம்மா."

"என்ன முடிஞ்சது? ஒருத்தரும் வரேல்லையே தம்பி."

"நீங்கதான் சேவை நல்லம் எண்டு ஃபுல் மார்க்ஸ் குடுத்திருக்கிறீங்க. அப்படிக் குடுத்தா சிஸ்டம் தானா மூடிரும்."

"நான் அது அந்தப் பிள்ளைக்குப் போட்டது."

"விளங்குது அம்மா. ஆனா இதில அப்படிப் பிரிச்சுக் காட்டாது. புதுசா ஒண்டு திறக்கிறன். வரிசையில வரும்."

வரிசையில் வரும் என்றான். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீனைப் போல. கதைக்க முடியவில்லை. என்னைக் கையால் கூப்பிட்டு, போனைக் காட்டினார். நான் திரும்ப எடுத்தேன், பாட்டுப் போட்டார்கள். உனக்கு எடுத்தேன். நீ, "நான் ஒரு மெயில் போடுறன் அம்மா, அந்தக் கம்பனியில எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு" என்றாய். மெயில் போட்டாய் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த முஸ்லிம் நானா ஒருவர் மாளிகாவத்தைப் பள்ளிவாசலிலிருந்து ஓர் ஒக்சிஜன் சிலிண்டரை ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினார். பெயர் கூடக் கேட்கவில்லை, "முடிஞ்சா சொல்லுங்க, வேறொண்டு பார்ப்பம்" என்றார். அது முடியும்வரை அப்பா தாங்கினார். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். அங்கே போய்ச் சேர்ந்து, வார்டில் கண்ணை மூடினார்.

நான் பொய் சொல்லமாட்டேன். டொக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நெஞ்சு எப்படியும் கன நாள் தாங்காது, மெசின் நன்றாக ஓடியிருந்தாலும் சில மாதம்தான். கம்பனி அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அந்த ஜன்னலடியில் அவர் தவித்தாரே, அதைச் சொல்கிறேன். அப்படித் தவித்திருக்கத் தேவையில்லை. அதைப் பற்றி எங்கேயும் ஒரு சொல் இல்லை. அவர்களுடைய கணக்கில் அப்பா திருப்தியான கஸ்டமர்.

அப்பாவின் பெட்டி முன்னறையில் இருக்கும்போது, வெள்ளைக் கொடி கட்டிய வாசலில் ஒரு சிங்களப் பையன் கருவிப் பையோடு வந்து நின்றான். மெசின் திருத்த வந்தவன். உள்ளே பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினான். "அனே அம்மே, மட்ட அத உதே தமாய் கிவ்வே" என்றான். ஐயோ அம்மா, இன்று காலையில்தான் எனக்குச் சொன்னார்கள் என்று அழுவது போலச் சொன்னான். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அவன் போய்ச் சேருவதற்குள் போன் கீச்சிட்டது, எங்கள் சேவை எப்படி என்று. மகன், உண்மையாகச் சொல்கிறேன், நான் அவனுக்கும் ஐந்து போட்டேன். இதற்காக நான் வெட்கப்படவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பிள்ளைக்கும் இந்தப் பையனுக்கும் ஐந்துதான். என் கோபம் என்னவென்றால், அவர்கள் அந்த இரண்டு பேரைப் பற்றி மட்டும்தான் என்னிடம் கேட்டார்கள். மெசின் வேலை செய்ததா என்று கேட்கவில்லை. ஆள் வந்தானா என்று கேட்கவில்லை. ஐயா இருக்கிறாரா என்று கேட்கவில்லை. ஏசுவதென்றால் சம்பளம் குறைந்த அந்தப் பிள்ளைகளைத்தான் ஏசலாம். கம்பனியை ஏசுவதற்கு அந்தப் போனில் ஒரு பட்டனும் இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து உன்னிடம் கேட்டேன், நீ படித்தவன், இந்தத் தொழிலில் இருப்பவன், ஒழுங்காக ஒரு முறைப்பாடு எழுதிப் போடு என்று. நீ என்ன சொன்னாய்? "போட்டு என்ன அம்மா வரப்போகுது? நல்லதா ஏதும் எழுதினா போர்டில ஒட்டுவினம், திங்கட்கிழமை மீட்டிங்கில வாசிப்பினம். ஏசி எழுதினா, கோபக்காரக் கஸ்டமர் எண்டு ஒரு பக்கம் இருக்கு, அதுக்குள்ள போகும். பிறகு ஒரு சொரி லெட்டர் வரும். அதை வாசிச்சா உங்களுக்குத்தான் இன்னும் நோகும்." உள்ளே இருப்பவன் சொல்கிறானே என்று நானும் விட்டுவிட்டேன். என்னை நோகாமல் காப்பாற்றுகிறாய் என்றும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்க, உன் மனைவி குசினிக்குள் வந்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன்னைப் பற்றிய பெருமையில்தான் சொன்னாள்.

"மாமி, இன்டர்வியூவில மாமாட கதையைத்தான் சொன்னவராம். மெசின் பழுதானது, நீங்க அஞ்சு போட்டது, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்த பெரிய மெடம் கண் கலங்கிட்டாவாம். கஸ்டமரிண்ட வலி தெரிஞ்ச ஆள் எங்களுக்கு வேணும் எண்டவாம்."

"அது அவேட கம்பனி மெசின்தான் எண்டு சொன்னவனோ?"

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "இல்ல மாமி. வேற ஒரு கம்பனி எண்டுதான் சொன்னவராம். அதைப் போய் அங்க சொல்ல ஏலாதுதானே."

நான் தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் வைத்துக் கொண்டு வந்து உனக்குத் தந்தேன். நீ குடித்தாய். சீனி போதும் என்றாய்.

மகன், என்னிடம் கேட்காமல் அப்பாவின் கதையை நீ எடுத்ததற்குக் கோபமில்லை. அவர் உன் அப்பாவும்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் போனைக் காட்டினாரே, அது ஒரு முறைப்பாடு. அவர் கடைசியாகச் செய்த முறைப்பாடு. அது யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்கு முன்னால் நீ போய் இருந்தாய். உன்னைத் தவிர வேறு யாருக்கும் அந்த இடம் கிடைக்காது. அங்கே போய், அந்தக் கதையை முழுதாகச் சொல்லி, அவர்களை அழவும் வைத்து, அவர்களுடைய பெயரை மட்டும் எடுத்துவிட்டாய். பேக்கரி முதலாளியிடம் போய், வேறொரு கடைப் பாணில் நூல் கிடந்தது என்று அப்பா சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? அவரும் ஐயோ பாவம் என்றிருப்பார். கிழிந்த அரிதட்டு அப்படியே இருந்திருக்கும்.

வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளவத்தையில் வீட்டு வாடகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், உன் மனைவி மூன்று மாதம் என்றும் தெரியும். அவள் சொல்லவில்லை, எனக்குக் கண் இருக்கிறது. போ. ஆனால் போகிறவனுக்கு நான் சொல்வதைக் கேள். முறைப்பாடு முடிந்தது என்று சொல்கிற உரிமை முறைப்பாடு செய்தவருக்குத்தான் இருக்க வேண்டும். மார்க்ஸுக்கும் மெசேஜுக்கும் இருக்கக் கூடாது. மெசின் ஓடுகிறதா என்று ஒருவர் திரும்ப எடுத்துக் கேட்க வேண்டும். ஆட்கள் ஏசினால் அதை உங்கள் சொல்லில் மாற்றி எழுதாதீர்கள். மூச்சு எடுக்க முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால் மூச்சு எடுக்க முடியவில்லை என்றே எழுத வேண்டும், அசௌகரியம் என்று எழுதக் கூடாது. மெசினுடைய பிழைக்குப் போன் எடுக்கிற பிள்ளையின் சம்பளத்தில் கை வைக்காதே. வைத்தால் என்னைப் போன்றவர்கள் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் பொய் சொல்வார்கள், உங்களுக்கு உண்மை ஒருநாளும் வந்து சேராது. கோபக்காரக் கஸ்டமர் என்ற பக்கத்தை நீ போகிற நாளே திறந்து வாசி. அதற்குள் எத்தனை ஜன்னல் இருக்கிறதோ.

இதெல்லாம் நீ அங்கே போய்ச் செய்ய வேண்டியவை. நான் உன்னிடம் எனக்காகக் கேட்பது ஒன்றுதான், அது போவதற்கு முன்னால். அந்த மெடத்தைப் போய்ப் பார். "அன்றைக்கு நான் சொன்ன கதையில் கம்பனியின் பெயர் பிழை, அது உங்கள் கம்பனிதான், செத்தது என் அப்பாதான்" என்று சொல். வேலைக் குரலில் சொல்லாதே. உன் குரலில் சொல், தடுமாறினாலும் பரவாயில்லை. அவர்களுக்கு வலி தெரிந்த ஆள் வேண்டுமா, அழுவதற்கு ஒரு கதை மட்டும் வேண்டுமா என்று அப்போது உனக்குத் தெரிந்துவிடும். அதைக் கேட்ட பிறகும் அவர்கள் உன்னை வைத்திருந்தால், அந்த வேலை செய்யத் தகுந்த வேலை. வைத்திருக்காவிட்டால், அந்தக் கதிரையில் இருந்து நீ என்ன செய்திருப்பாய் என்று யோசித்துப் பார்.

இதை வாசித்த உடனே எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தால் என்னை ஆற்றப் பார்ப்பாய், நானும் தாய், ஆறிவிடுவேன். அதை நான் விரும்பவில்லை. முதலில் போய்ச் சொல்லிவிட்டு வா. வேலையோடு வந்தாலும் சரி, வேலை இல்லாமல் வந்தாலும் சரி, உனக்குச் சோறு இருக்கிறது, உன் நெற்றிக்கு என் கையும் இருக்கிறது. சொல்லாமல் வந்தால் சோறு மட்டும்தான் இருக்கும்.

அம்மா